குதிகாலும் ஓரகத்தியும்

முதல் நாளே பெரியவளுக்குத் தெரிந்துவிட்டது, அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்து பேசுவது யாரென்று.

பெட்டி என்பது ஒரு டேப்லெட். எலும்பு முறிவு வார்டின் மருந்து வண்டிமேல் ஒரு கம்பியில் மாட்டியிருந்தார்கள். நோயாளி தானாகப் புரண்டு படுக்கிறாரா, சரியாகச் சாப்பிடுகிறாரா, படுக்கை ஈரமாகிறதா என்று அது ஒவ்வொன்றாகக் கேட்கும். நர்ஸ் பதிலைத் தட்டிவிட்டால் தானே கூட்டிக் கழித்து, இவருக்குப் படுக்கைப் புண் வரக்கூடும், இன்னின்னது செய்யுங்கள் என்று சொல்லும்.

பெரியவள் அந்த வார்டின் பொறுப்பு சிஸ்டர். முதல் நோயாளியின் விவரங்களைத் தட்டி முடித்ததும் திரை மஞ்சள் நிறமாயிற்று.

'ஒரு நிமிடம்! குதிகால் மெத்தையில் படுகிறதா? கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகாலைத் தூக்கிவிடுங்களேன்.'

அந்த 'ஒரு நிமிடம்' போதாதா? கடைசியில் அந்த 'களேன்' வேறு!

வீட்டில் சின்னவள் வாயைத் திறந்தாலே முதலில் வந்து விழுவது அதுதான். "ஒரு நிமிஷம் அக்கா, அடுப்பைக் கொஞ்சம் குறைச்சிடுங்களேன்." "ஒரு நிமிஷம் அக்கா, ஈரத்துணியை இந்தப் பக்கம் போடுங்களேன்." கெஞ்சுவது போலிருக்கும், உண்மையில் அது உத்தரவு.

சின்னவள் கொழுந்தனின் மனைவி. அதே ஆஸ்பத்திரியில் மேல்மாடி அறுவை சிகிச்சை வார்டில் பிசியோதெரபிஸ்ட். உறவுக்காரர்களை ஒரே வார்டில் போடக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் ஒரு விதி. அந்த விதியை எழுதிய புண்ணியவானைப் பெரியவள் மனதுக்குள் பலமுறை வாழ்த்தியிருக்கிறாள். ஒரே வீடு, ஒரே சமையலறை, ஒரே மாமியார் என்று பங்கு போட்டாயிற்று. வார்டாவது தனக்கென்று இருக்கட்டுமே!

இப்போது அதற்குள்ளும் வந்துவிட்டாள். ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்றுகொண்டு, 'ஒரு நிமிடம்' என்கிறாள்.

அந்த வேலை தனக்குத்தான் வரும் என்று பெரியவள் நம்பியிருந்தாள். ஆஸ்பத்திரிக்கு ஏற்றபடி அந்தக் கருவியைத் திருத்தவும், எச்சரிக்கைகளைத் தமிழில் எழுதவும் அனுபவசாலி ஒருவர் வேண்டும் என்று பேச்சு வந்தபோது, வார்டே அவளைத்தான் பார்த்தது. அவளும் அழைப்பு வரும் என்று மேஜை இழுப்பறையைக்கூடச் சுத்தம் செய்து வைத்தாள். அழைப்பு மேல்மாடிக்குப் போயிற்று. அது அவளுக்கு உறுதியானது அன்றிரவு சாப்பாட்டு மேஜையில்தான்.

"அண்ணி, இனிமே உங்க வார்டுல எல்லாம் இவ சொல்றபடிதான் நடக்கும் போல!" என்று கொழுந்தன் சிரித்தான்.

"சும்மா இருங்க," என்றாள் சின்னவள். முகம் மட்டும் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

மாமியார் தட்டிலிருந்து நிமிராமலே சொன்னாள்: "படிச்ச பொண்ணு. சொன்னா கேட்டுக்க வேண்டியதுதானே."

"நானும் படிச்சவதான் அத்தை."

"நீ எப்பவோ படிச்சே. அது இப்ப படிச்சுது."

பெரியவளுக்கு அதன் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. புருஷனிடம் புலம்பினாள். அவர் சட்டையை மடித்துக்கொண்டே, "விடும்மா. மெஷின்தானே," என்றார்.

"மெஷினா இருந்தா நான் ஏங்க கவலைப்படப் போறேன்?"

வார்டு நர்சுகள் பெட்டிக்கு 'மாமியார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எதைச் செய்தாலும் ஏன் என்று கேட்கிறதே! ஒரு விடுமுறை நாளில், 'துறுதுறு' என்று எல்லோரும் கூப்பிடும் இளம் நர்ஸ் பெரியவளுக்கு போன் செய்தாள். கை வேலையாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டாள் பெரியவள்.

"சிஸ்டர், மாமியார் காலையிலேர்ந்து ஓயாம கத்துது. வாயை அடைக்க வழியே இல்லையா?"

பக்கத்து நாற்காலியில் நிஜ மாமியார். "யாருடி அது?" என்று அவள் எழுந்ததும், சின்னவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினதும் தனிக்கதை. அன்று சிரிக்காமல் இருந்தது பெரியவள் மட்டும்தான். தன் ஆயுதத்துக்கும் ஒரு செல்லப்பெயர் கிடைத்துவிட்டதே என்று சின்னவள் பூரித்துப்போயிருப்பாள் என்று தோன்றியது அவளுக்கு.

குதிகாலைத் தூக்கி வைப்பது பெரியவளுக்குப் புதிதா என்ன? காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் முதல் சுற்று அதுதான். போர்வையை மடித்து, கெண்டைக்காலுக்குக் கீழே கொடுத்து, குதிகாலுக்கும் மெத்தைக்கும் நடுவே கையை விட்டுப் பார்ப்பாள். கை தாராளமாகப் போய்வர வேண்டும். போகாவிட்டால், அந்தப் படுக்கையைப் பார்த்த நர்சுக்கு அன்று அர்ச்சனைதான். இதெல்லாம் முடிந்த பிறகுதான் பெட்டியைத் திறப்பார்கள். திறந்தால் அது சொல்லும், குதிகாலைத் தூக்கிவிடுங்களேன் என்று.

கீழே இரண்டு பொத்தான்கள். 'செய்தேன்', 'செய்யவில்லை'.

முதல் மாதம் 'செய்தேன்' என்றே தட்டினாள். மாதக் கடைசியில் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் கூட்டம் போட்டு, சுவரில் ஒரு படம் காட்டினார். எச்சரிக்கை வர ஆரம்பித்த பிறகு குதிகால் கவனிப்பு எப்படி உயர்ந்திருக்கிறது பாருங்கள் என்றார். கோடு மலை ஏறுவதுபோல் ஏறியிருந்தது. எல்லோரும் சின்னவளுக்குக் கை தட்டினார்கள். பெரியவளும் தட்டினாள். தட்டத் தட்ட உள்ளங்கை எரிந்தது. அந்தக் கோட்டில் பாதி நான் போட்ட போர்வை அல்லவா? நான் சமைத்து வைப்பேன், அவள் வந்து பரிமாறிவிட்டுப் பேர் வாங்குவாளா?

மறுநாளிலிருந்து 'செய்யவில்லை' என்று தட்டினாள். உடனே பெட்டி காரணம் கேட்டு, தட்டுவதற்கு மூன்று பதில்களைக் காட்டியது. நோயாளி மறுத்தார். மருத்துவர் வேண்டாம் என்றார். என் மதிப்பீடு வேறு.

'என் மதிப்பீடு வேறு.'

ஆகா! என்ன இனிப்பான வாசகம். இதை எழுதிக் கொடுத்தவளும் அவள்தானே. அவள் எழுதியதை வைத்தே அவள் மூக்கை உடைக்கலாம். அன்றிலிருந்து பெரியவள் ஒவ்வொரு கட்டிலுக்கும் அதையே தட்டினாள். தட்டும்போதெல்லாம், மேல்மாடியில் எங்கோ ஒரு திரையில் சின்னவள் அதைப் பார்த்து முகம் சுளிப்பதாகக் கற்பனை செய்துகொள்வாள். காபி குடித்தமாதிரி ஒரு தெம்பு வரும்.

துறுதுறுவுக்கு மட்டும் மனது கேட்கவில்லை. "சிஸ்டர், நாமதான் தூக்கி வச்சுட்டோமே. 'செய்தேன்'னு போட்டா என்ன?"

"அது சொல்லியா செஞ்சோம்?"

"இல்ல…"

"அப்ப நம்ம மதிப்பீடு வேறதானே?"

"அப்படிச் சொன்னா அப்படித்தான்," என்றாள் துறுதுறு. வேறு என்ன சொல்வாள், சம்பளம் வாங்குகிறவள்!

இப்படியே சில மாதங்கள் ஓடின. ஒருநாள் சாயங்காலம் சின்னவள் சமையலறைக்கு வந்து கதவில் சாய்ந்துகொண்டாள்.

"ஒரு நிமிஷம் அக்கா. உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும். நீங்க பெட்டியில போடற பதிலைப் பத்தி."

வந்துவிட்டது சண்டை! பெரியவள் கரண்டியைக் கீழே வைத்தாள். சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"உங்க பதிலை வச்சுத்தான் இன்னிக்கு பெட்டியைப் பார்த்துக்கற கமிட்டியில பேசி ஜெயிச்சேன்," என்றாள் சின்னவள்.

"என்னது?"

"பெட்டி தேவையில்லாம கத்துதுன்னு எல்லா வார்டுலயும் ஒரே புலம்பல். எது தேவை, எது தேவையில்லன்னு நான் யாரைக் கேக்கறது? டாக்டருங்க குதிகாலைப் பார்க்கறதே இல்ல. அதான் நீங்க என்ன போட்டிருக்கீங்கன்னு உக்காந்து ஒவ்வொண்ணா பார்த்தேன். நீங்க வேண்டாம்னு விட்ட ஒருத்தருக்குக்கூடப் புண் வரலக்கா! அப்ப என்ன அர்த்தம்? புண் வர ரொம்ப வாய்ப்பு இருக்கறவங்களை விட்டுடுங்க, நடுத்தரமா இருக்கறவங்களுக்கு அந்த எச்சரிக்கை வேண்டவே வேண்டாம்னு அர்த்தம். அதை நிறுத்தச் சொல்லிட்டேன். முதல்ல எங்க மாடியில. சரியா வந்தா எல்லா வார்டுலயும்."

பெரியவளுக்கு உண்மை தெரியும். புண் வராததற்குக் காரணம் மடித்த போர்வை. அது பெட்டிக்குத் தெரியாது. வேறு மாடியில் இருப்பவளுக்கும் தெரியாது. இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் கூடத்திலிருந்து மாமியாரின் குரல்.

"அப்படின்னா பெரியவளைப் பார்த்துத்தான் நீ கத்துக்கறியா?"

"பின்னே? அக்கா கைராசி அப்படி அத்தை."

"ம்… அவ எப்பவுமே வேலையில கெட்டிதான்," என்றாள் மாமியார்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து கேட்காத வார்த்தை. பெரியவள் எடுத்த வாயை மூடிக்கொண்டு கரண்டியை எடுத்துக்கொண்டாள். குதிகாலைத் தூக்கி வைக்க ஒரு பெட்டி வந்து சொல்ல வேண்டுமா என்ன? எந்த நர்சுக்குத்தான் தெரியாது? அப்படி மனதைச் சமாதானம் செய்தாள். அன்று சமையல் நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

எந்த நர்சுக்குத் தெரியாது என்பது கொஞ்ச நாளில் தெரிந்தது.

"சிஸ்டர், மேல பெரிய கலாட்டா!" என்று மூச்சிரைக்க வந்தாள் துறுதுறு. "ஒரு தையல்காரம்மா, வயித்துல ஆபரேஷன் ஆனவங்க. வலியில மல்லாந்தே படுத்திருந்திருக்காங்க. இன்னிக்கு உங்க ஓரகத்தி நடக்க வைக்கலாம்னு காலைக் கீழ வைக்கச் சொன்னா, குதிகால் கறுத்துப்போயிருக்கு! எச்சரிக்கையை நிறுத்தச் சொன்னது யாருன்னு கண்காணிப்பாளர் அவங்களைக் கூப்பிட்டு வாங்கு வாங்குன்னு வாங்கறாராம்."

பெரியவளுக்கு முதலில் வந்தது என்னவோ இனிப்புதான். பொய் சொல்வானேன்? 'வாங்கட்டும்' என்று ஒரு குரல் உள்ளே எழுந்தது. மலை ஏறிய கோடு சறுக்கி விழுவதைப் பார்க்க ஆசையாக இருந்தது. ஏதோ மருந்து கேட்கப் போகிற பாவனையில் மாடி ஏறினாள்.

தையல்காரம்மா ஒல்லியான பெண்மணி. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தாள். பெரியவள் போர்வையை விலக்கினாள். குதிகாலில் நாவல்பழம் ஒட்டிவைத்ததுபோல் ஒரு கருநீலக் கொப்புளம். பக்கத்தில் அந்த வார்டு நர்ஸ், வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆனவள், அழுதுகொண்டு நின்றாள்.

"நீ குதிகாலைத் தொட்டுப் பார்க்கலியா?"

"மாமியார் ஒண்ணும் சொல்லலியே சிஸ்டர்," என்றாள் அவள். "சொல்லியிருந்தா செஞ்சிருப்பேன். சொன்னதை எல்லாம் ஒண்ணு விடாம செஞ்சேன்."

அவளைத் திட்ட முடியவில்லை. பெட்டி வந்த பிறகு வேலைக்கு வந்தவள். பெட்டி சொல்லித்தான் வேலை கற்றவள். பெட்டியின் வாயை அடைத்தது யார்? பெரியவள் வந்த வேகத்தில் படி இறங்கினாள். இனிப்பு தொண்டையிலேயே கசந்துவிட்டது.

வீட்டில் சின்னவள் தட்டின் முன் உட்கார்ந்து, சாப்பிடாமல் எழுந்தாள்.

"எல்லாம் தெரிஞ்ச மாதிரி எழுதினா இப்படித்தான்," என்றாள் மாமியார்.

கொழுந்தன் மெதுவாகச் சொன்னான்: "கமிட்டியிலேர்ந்து எடுத்துடுவாங்களாம் அண்ணி. நாளைக்குக் கூட்டம்."

எதற்காக மாதக்கணக்கில் ஏங்கினாளோ அது பெரியவளின் மடியில் வந்து விழுந்திருந்தது. அவள் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா இருப்பதுதான். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சின்னவளின் பின்னால் போய் நின்றாள்.

"என் பேரைச் சொன்னியா அவங்ககிட்ட?"

"உங்க பேரு எதுக்கு?" சின்னவள் திரும்பவில்லை. "முடிவு பண்ணது நான். நீங்க உங்க நோயாளியைப் பார்த்து உங்களுக்குப் பட்டதைப் போட்டீங்க. அதை எல்லாருக்கும் பொருத்தினது என் தப்பு."

பெரியவளுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. பொறுப்பேற்பதுகூட இவளுக்கு இவ்வளவு நன்றாக வருகிறதா? அழுத முகத்தோடு நிற்கும்போதும் இவள்தான் ஒரு படி மேலே நிற்க வேண்டுமா? 'தப்பு என்னுடையது' என்ற வார்த்தைக்கு உண்மையான சொந்தக்காரி நான். அதையும் எடுத்துக்கொண்டுவிட்டாளே!

விட மாட்டேன் என்று தீர்மானித்துக்கொண்டாள் பெரியவள். நல்ல எண்ணத்தில் எடுத்த தீர்மானம் என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் தீர்மானம் தீர்மானம்தான்.

மறுநாள் கூட்டம் நடந்த அறைக்குள் அழைக்காமலே நுழைந்தாள். நீள மேஜையின் தலைப்பில் கண்காணிப்பாளர். ஓரத்தில் மடிக்கணினியோடு கம்ப்யூட்டர்காரர். எதிரே, பரீட்சை எழுத வந்தவள் மாதிரி சின்னவள்.

"சார், நான் பெட்டியில போட்ட பதில் எல்லாம் பொய்," என்றாள் நின்றபடியே.

"உக்காருங்க சிஸ்டர். என்ன பொய்?"

"குதிகாலைத் தூக்கலைன்னு போட்டேன். ஆனா ஒரு குதிகாலைக்கூடத் தூக்காம விட்டதில்ல. பெட்டி கேக்கறதுக்கு முன்னாடியே போர்வையை மடிச்சு வச்சுடுவோம். அதனாலதான் புண் வரல. எச்சரிக்கை வேண்டாம்கறது என் மதிப்பீடே இல்ல."

கம்ப்யூட்டர்காரர் திகைத்துப்போனார். "அப்ப உங்க வார்டுலேர்ந்து வந்த பதில் மொத்தமும்…"

"குப்பையில போடுங்க."

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். "செஞ்ச வேலையைச் செய்யலைன்னு போடற ஆளை நான் பார்த்ததே இல்ல. எல்லாரும் செய்யாததைத்தான் செஞ்சேன்னு போடுவாங்க. ஏம்மா இப்படி?"

பெரியவள் மேஜையைப் பார்த்தாள். அதைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

"அந்த எச்சரிக்கையை எழுதினவ என் ஓரகத்தி, சார்."

கண்காணிப்பாளர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு கம்ப்யூட்டர்காரர் தனக்குத்தானே பேசுவதுபோல் முணுமுணுத்தார்: "அப்படி ஒரு காரணத்தை நாம பட்டியல்ல வைக்கலியே."

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். சின்னவள் சிரிக்கவில்லை. மெதுவாக நிமிர்ந்து பெரியவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கண்ணீர் இல்லை, கொதிப்பு இருந்தது.

நிறுத்திய எச்சரிக்கையை அன்றே மேல்மாடியில் திரும்பப் போடச் சொன்னார் கண்காணிப்பாளர். சின்னவள் கமிட்டியிலேயே இருக்கலாம். ஆனால் இனி ஒரு எச்சரிக்கையை நிறுத்துவதற்கு முன் அந்த வார்டுக்கே போய்க் கட்டிலருகில் நின்று பார்க்க வேண்டும் என்றார். பெரியவளிடம் விளக்கம் கேட்டு மெமோ வரும். பொறுப்பு சிஸ்டர் வேலை துறுதுறுவைவிடச் சற்றே மூத்த ஒருத்தியிடம் கொஞ்ச காலம் இருக்கும். அந்தத் தையல்காரம்மாவின் கால் ஆறும்வரை கட்டுப் போடுவது யார் என்று அவர் கேட்டபோது, "நான் போடறேன்," என்றாள் பெரியவள்.

வெளியே தாழ்வாரத்தில் சின்னவள் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைப் பிடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா?"

"சண்டை போட்டிருப்பேன். அதோட போயிருக்கும். நான் உங்களை நம்பிக் கணக்குப் போட்டேன். அந்தம்மா கால்ல வந்து விடிஞ்சிருக்கு. வீட்ல பேசித் தீர்த்துக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க. வீட்ல நான் பேச மாட்டேன்."

சொன்னபடியே பேசவில்லை. சமையலறையில் இருவரும் ஒருவரையொருவர் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். மாமியார் யாரைப் புகழ்வது, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் இருவரையும் சேர்த்துத் திட்டினாள்.

தையல்காரம்மாவின் கால் மெல்ல ஆறத் தொடங்கியது. பெரியவள் தினமும் மாடி ஏறிக் கட்டு மாற்றுவாள். ஒருநாள் மதியம் அவள் மருந்து வைத்துக்கொண்டிருக்கும்போதே சின்னவள் நடைப்பயிற்சிக்கு வந்துவிட்டாள். திரும்பிப் போகவும் முடியாது; வார்டே பார்க்கிறது. தையல்காரம்மாவின் முழங்காலுக்குக் கீழே கை கொடுத்துக் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பெரியவள் தையல்காரம்மாவைப் பார்த்துச் சொன்னாள்: "அவங்ககிட்ட காலை இன்னும் கொஞ்சம் தூக்கச் சொல்லுங்க."

சின்னவளும் தையல்காரம்மாவைப் பார்த்தாள்: "இதுக்கு மேல தூக்கினா வயித்துத் தையல் இழுக்கும்னு சொல்லுங்க."

"அப்ப இப்படியே பிடிச்சுக்கச் சொல்லுங்க."

"பிடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன், தெரியலியான்னு கேளுங்க."

தையல்காரம்மா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். "ஏம்மா, நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டு மருமகளுங்களா?"

பெரியவள் மருந்தை மூடி வைத்துவிட்டுத் துணியை எடுத்தாள். சின்னவளின் கையிலிருந்த கால் லேசாக ஆடியது.

"எனக்கும் ஒருத்தி இருக்கா," என்றாள் தையல்காரம்மா. "நாங்க மாமனார் மூலமாப் பேசிக்குவோம். அவருக்குக் காது கேக்காது, அதனால ரொம்பக் கத்த வேண்டியிருக்கும்."

சின்னவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பெரியவள் உதட்டைக் கடித்துக்கொண்டு துணியைச் சுற்றினாள்.

தையல்காரம்மா சின்னவளின் முழங்கையைத் தட்டிக் கொடுத்தாள். "ஆனா இந்தப் பொண்ணு கை வச்சா வலியே தெரியலம்மா. என்ன பதம்! எல்லாருக்கும் வராது அது."

சுருக்கென்றது பெரியவளுக்கு. அதே பழைய இடத்தில்தான். அரை மணி நேரமாக மண்டியிட்டுக் கட்டுப் போடுகிறவள் நான், பேர் யாருக்கு? விரல்கள் துணியை ஒரு சுற்று இறுக்கப் பார்த்தன. அவள் அவற்றை நிறுத்தி, கட்டுக்குள் ஒரு விரலை விட்டு இரத்த ஓட்டத்துக்கு இடமிருக்கிறதா என்று பார்த்து, தளர்வாகவே முடிச்சுப் போட்டாள்.

"காலை இறக்கலாம்," என்றாள் நேராகச் சின்னவளைப் பார்த்து. "பார்த்து, மெதுவா."